தரிசில் இறங்கும் பூனைப்பருந்து

(நாகலாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் குறைக்கப்பட்டுள்ளன.)



அருகிவரும் வேட்டை உயிர்களும் அவற்றின் இரையும் என்பது இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குக் குறிக்கப்பட்ட பொருள். இப்படி ஒரு பொருளைக் கேட்டதும் மனம் மேற்கே மலைக்குப் போய்விடுகிறது. 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை, அங்கே நடமாடும் புலி, சிறுத்தை, செந்நாய் என்று நினைவு ஓடும். நாகலாபுரத்துக்கு மலையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. விளாத்திகுளத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கண்ணுக்கெட்டியவரை கறுத்த பிஞ்சையும் பொழியும் ஓடையும் உடைமரமும்தான். ஆனாலும் இந்தச் சமவெளிக்கென்று வேட்டையாடிகள் உண்டு. வானத்தில் பூனைப்பருந்து, ராத்திரியில் கூகை, ஓடைக்கரையில் நரி, பொழிக்குள் காட்டுப்பூனை. முன்பு இந்தப் பட்டியலில் ஓநாயும் இருந்தது.

இந்த உரை ஒரே ஒரு வாதத்தை முன்வைக்கிறது. கரிசலில் வேட்டையாடி வாழ்வதும் அழிவதும் அதன் இரை வாழ்கிற நிலத்தில்தான் தீர்மானமாகிறது. அந்த நிலம் வனத்துறையின் நிலமல்ல, மானாவாரியில் வெள்ளாமை செய்கிற சம்சாரியின் நிலம். எந்தப் பிஞ்சையில் என்ன விதைக்கிறார்கள், எதைத் தரிசாகப் போடுகிறார்கள், எந்த மருந்தை அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இங்கே ஓர் இனம் தங்குகிறது அல்லது போய்விடுகிறது. புலிக்காகத் தீட்டிய பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்து கரிசலில் விரித்தால் அது பொருந்தாது.

1. வலசையும் விதைப்பும்

புரட்டாசியில் புழுதி விதைப்பு முடிந்து ஐப்பசி மழைக்கு நிலம் காத்துக்கிடக்கும் நாட்களில்தான் பூனைப்பருந்துகள் வந்து சேர்கின்றன. செப்டம்பர் கடைசியில் முதல் பறவைகள் தென்படும்; மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடும். மாண்டேகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து, நீர்நிலை ஓரங்களை அதிகம் விரும்பும் சேற்றுப் பூனைப்பருந்து ஆகிய மூன்றும் தென்மாவட்டங்களுக்கு வருகின்றன. வெளிறிய பூனைப்பருந்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று வகைப்படுத்தியிருக்கிறது. மாண்டேகுவின் எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சிறகை விரித்தால் மூன்றரை அடி இருக்கும். கஜகஸ்தான், தென் ரஷ்யப் புல்வெளிகளில் தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி இந்தப் பிஞ்சைக்கு வருகிறது.

மற்றப் பருந்துகள் உயரத்தில் வட்டமடிக்கும். இது வட்டமடிப்பதில்லை. ஆடு மேய்க்கிறவர் பொழியோரமாகவே நடந்துபோகிற மாதிரி, தரையிலிருந்து ஆறடி பத்தடி உயரத்தில், சிறகைக் கொஞ்சம் மேல்நோக்கி மடித்துப் பிடித்துக்கொண்டு, பயிரின் தலையைத் தொட்டும் தொடாமலும் மெதுவாகப் பறக்கும். ஆந்தைக்கு இருப்பதுபோல இதற்கும் முகத்தைச் சுற்றி இறகு வட்டம் உண்டு. புல்லுக்குள் ஓடுகிற எலியின் சத்தத்தைக் கண்ணோடு சேர்த்துக் காதாலும் பிடிக்கிறது. ஓரிடத்தில் சட்டென்று நின்று, வாலை விரித்து, காலை நீட்டி அப்படியே விழும். எழும்போது காலில் வெட்டுக்கிளியோ ஓணானோ இருக்கும். ஏமாந்து எழும்புவதும் அடிக்கடி நடப்பதுதான்.

அது என்ன தின்கிறது என்பதை அறிய வேட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் ஓட்டையும் உருண்டையாகக் கக்கிவிடுகிற பழக்கம் வேட்டைப் பறவைகளுக்கு உண்டு. இரவு தங்கின இடத்தில் காலையில் போய்ப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிறக் கக்கல்கள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் தாளில் வைத்து ஊசியால் பிரித்தால் முதலில் பிரிந்து வருவது வெட்டுக்கிளியின் பின்னங்கால் முட்கள்; பிறகு அதன் தாடைகள், பளபளப்பான கறுப்புத் துணுக்குகளாக. கொஞ்சம் எலிரோமம் இருக்கும். சில கக்கலில் வானம்பாடியின் அலகு அப்படியே கிடைக்கும். தாடைகளை எண்ணினால் முந்தின நாள் எத்தனை வெட்டுக்கிளி என்று கணக்குச் சொல்லிவிடலாம். உலகம் முழுவதும் பூனைப்பருந்து ஆய்வுகள் நடப்பது இந்தக் கக்கலை வைத்துத்தான். குஜராத்தின் வேலவதாரிலும், சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் கண்டதன் சாரம் ஒன்றே: குளிர்கால மாண்டேகுவின் பெரும்பசியைத் தீர்ப்பது வெட்டுக்கிளி.

வெட்டுக்கிளி கரிசலில் எப்போது பெருகும்? வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மல்லியும் பச்சைபிடித்து, பொழியெல்லாம் புல் முளைத்த பிறகு. எலி எப்போது வெளியே வரும்? தை, மாசியில் அறுப்பு முடிந்து, தட்டை நிற்கிற நிலம் வெடிப்பு விடும்போது. இரண்டு காலத்திலும் பறவை இங்கே இருக்கிறது. மானாவாரி வெள்ளாமையின் ஆண்டுச் சக்கரமும் அதன் வலசைச் சக்கரமும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரி ஆய்வு நிறுவனத்தின் டி.கணேஷும் அவரது குழுவினரும் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் இந்தப் பறவைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள். கரிசலின் பருந்துகளைப் பற்றி இன்று ஆதாரத்தோடு பேச முடிவதற்கு அந்த உழைப்பு ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உளுந்தும் பாசியும் மல்லியும் முழங்காலுக்குக் கீழே நிற்கிற பயிர்கள். மேலே பறக்கிற பறவைக்கு நிலம் தெரியும், இறங்க இடம் இருக்கும். மக்காச்சோளம் அப்படி அல்ல. நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு அதை வாங்க ஆளிருக்கிறது, மானாவாரியிலும் கைக்கு நாலு காசு நிற்கிறது. சம்சாரி அதற்கு மாறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிலத்தை மூடிவிடுகிற பயிருக்குள் பூனைப்பருந்தால் இறங்க முடியாது. கம்பும் கருங்கண்ணிப் பருத்தியும் பயறும் கலந்து கிடந்த நிலப்பரப்பு ஒரே பயிராகும்போது, வேட்டைக்குத் திறந்திருந்த நிலம் மூடிக்கொள்கிறது.

2. தரிசுதான் வீடு

இரையை வயலில் தேடுகிற பறவை ராத்திரி தங்குவது தரிசில். மரத்தில் அல்ல. முழங்கால் உயரப் புல் நிற்கிற திறந்தவெளியில், தரையில், ஒன்றுக்கொன்று சில அடி தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. பொழுது சாயும்போது பல திசையிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து, இருட்டுவதற்குள் ஒரே தரிசில் இறங்கிவிடும். 1990-களில் வேலவதாரில் ஒரே மாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைப்பருந்துகள் இறங்கியதை ரோஜர் கிளார்க், விபு பிரகாஷ் உள்ளிட்டோர் எண்ணிப் பதிவு செய்தார்கள். உலகிலேயே பெரிய தங்கிடம் என்று அது பெயர் பெற்றது. அதன் பிறகு இந்தியாவின் பல தங்கிடங்களில் எண்ணிக்கை சரிந்திருக்கிறது.

ஒரு பகல் வேட்டைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டும். தங்குவதற்குச் சில ஏக்கர் போதும். அந்தச் சில ஏக்கர் போய்விட்டால் அந்த வட்டாரத்து வேட்டை நிலம் முழுவதுமே பறவைக்குப் பயனற்றதாகிவிடலாம்.

அந்தச் சில ஏக்கர்தான் முதலில் போகிறது. வருவாய்த்துறைக் கணக்கில் அது தரிசு, புறம்போக்கு. நாட்டளவிலான வரைபடங்களிலும் புல்வெளியும் முட்புதர்க்காடும் வீண்நிலப் பட்டியலில்தான் இடம்பெறுகின்றன. வீண்நிலம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதற்கு ஒரு பயன் கண்டுபிடிப்பது அதிகாரியின் கடமையாகிவிடுகிறது. மனைப்பிரிவு வருகிறது, மரம் நடும் திட்டம் வருகிறது, சூரியமின் பூங்கா வருகிறது. 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் அமைந்த பிறகு, இந்த வறண்ட பட்டை முழுவதும் மின்நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையைக் குறைக்க அது தேவை. எந்தத் தரிசில் என்று கேட்டுவிட்டு அமைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

காற்றாலைக்கும் இது பொருந்தும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்துச் சால்கேவாடிப் பீடபூமியில் மரியா தாக்கரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலை நிற்கிற இடத்தில் வேட்டைப் பறவைகளின் நடமாட்டம், இல்லாத இடத்தில் இருந்ததில் ஏறக்குறைய கால்பங்குதான். பருந்து வராத இடத்தில் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. பெருகியதோடு நிற்கவில்லை: அவற்றின் உடலில் பதற்றச் சுரப்பு குறைந்திருந்தது, ஆள் கிட்டே போனாலும் சீக்கிரம் ஓடவில்லை, உடல் மெலிந்திருந்தது. மேலே ஒரு வேட்டையாடி விலகினால் கீழே இரையின் எண்ணிக்கை மாறும் என்பது தெரிந்ததுதான். அதன் நடத்தையும் உடலும்கூட மாறும் என்று இந்திய மண்ணிலேயே காட்டிய ஆய்வு இது.

சீமைக் கருவேலம் தனிக்கதை. 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் நட்டார்கள். இன்று விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. எனவே ஒரே வெட்டில் ஒழிப்போம் என்று மேடையில் முழங்குவது நியாயமில்லை. ஆனால் புல் நின்ற தரிசில் அது ஏறிவிட்டால் பூனைப்பருந்துக்கு அங்கே இறங்க இடமில்லை, வானம்பாடிக்குக் கூடு கட்ட இடமில்லை. வேலவதாரில் இன்னொன்றும் தெரியவந்தது. வெளிமான் நெற்றைத் தின்னும். இணைசேரும் பருவத்தில் ஆண்மான்கள் தத்தம் எல்லையைக் காத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, அங்கேயே புழுக்கையைக் குவிக்கும். அந்தக் குவியலிலிருந்து கருவேலம் முளைத்துப் புல்வெளியின் நட்டநடுவுக்குப் பரவுகிறது. எந்தப் புல்வெளியை நம்பி அந்த மான் வாழ்கிறதோ, அதே புல்வெளியை மூடுகிற செடியை அதுவே நடுகிறது.

தரிசின் அருமையை நெதர்லாந்து வேறு விதமாகக் கண்டுகொண்டது. 1990 வாக்கில் அங்கே மாண்டேகு பூனைப்பருந்து அநேகமாக இல்லாமலே போய்விட்டது. அந்தச் சமயத்தில் ஐரோப்பிய நாடுகளில் தானியம் மலிந்து விலை விழுந்ததால், நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாகப் போடுகிற விவசாயிக்கு மானியம் கொடுத்தார்கள். பறவைக்காக யாரும் கொண்டுவந்த திட்டமல்ல அது. குரோனிங்கன் மாகாணத்தில் தரிசு விட்ட நிலத்தில் புல் வளர்ந்தது, வயலெலி பெருகியது, பூனைப்பருந்து திரும்பி வந்து கூடு கட்டியது. பென் கோக்ஸ் என்ற ஆய்வாளர் விவசாயிகளோடு பேசி, தரிசுத் திட்டம் குறைந்த பிறகும் வயலோரத்தில் புல்பட்டைகள் விடவைத்தார். தரிசு, எலி, பருந்து என்கிற வரிசையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு நிகழ்ச்சி அரிது.

3. மருந்து இரை வழியாக ஏறுகிறது

1995-96 கோடையில் அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் ஸ்வைன்சன் பருந்துகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அவை வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்து, தென் அமெரிக்காவில் குளிர்காலம் கழிக்கிறவை, பிழைப்பது வெட்டுக்கிளியால். கலிபோர்னியாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பறவையைப் பின்தொடர்ந்துபோன பிரையன் உட்பிரிட்ஜ் குழுவினர்தான் இந்தச் சாவைக் கண்டறிந்தார்கள். குதிரைமசால், சூரியகாந்தி வயல்களில் வெட்டுக்கிளிக்கு அடித்த மருந்து, தின்ற வெட்டுக்கிளி வழியாகவும் நேராகத் தெறித்தும் பறவைக்குள் போயிருந்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 20,000 பருந்துகள் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ்.

இந்த அவையில் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. பருத்திக்கு அடித்த கை இங்கே பல இருக்கிறது. அர்ஜென்டினாவில் அந்த மருந்தை நிறுத்தினார்கள், பெருஞ்சாவும் நின்றது. இந்தியாவில் 2005-இல் காய்கறிக்கு மட்டும் தடை வந்தது. 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் இதே மருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பத்தாண்டு ஆகி, 2023-இல்தான் 36 சதவீதக் கரைசலைப் படிப்படியாக நிறுத்துவதற்கான ஆணை வந்தது. ஒரு பறவைச் சாவு 1996-லேயே கொடுத்த எச்சரிக்கை அது.

படைப்புழு 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்ததும் மக்காச்சோளத்தில் மருந்தடிப்பு கூடியது. புழுவுக்கு அடிக்கிற மருந்து புழுவை மட்டும் கொல்வதில்லை. அந்தப் பிஞ்சையின் வெட்டுக்கிளியும் வண்டும் குறைகின்றன. செத்துக் கிடக்கிற பறவையை ஊரார் பார்ப்பார்கள். இரை இல்லாமல் மெலிந்து, திரும்பிப்போகும் நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க முடியாமல் போன பறவையை யாரும் பார்ப்பதில்லை.

எலிக்கு வைக்கிற விஷமும் இப்படித்தான். ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலிதான் கூகைக்குச் சுலபமாக அகப்படும். உருளைக்குடிக்காரரான சோ.தர்மன் தம் நாவலுக்குக் கூகை என்றே பெயர் வைத்தார். அபசகுனம் என்று ஊர் கல்லெறிந்து விரட்டுகிற பறவை அது. எலிபிடிப்பதில் அதற்கு இணையான பறவை கரிசலில் இல்லை. வேளாண் துறையே பயறு வயலில் பறவைத் தாங்கிகள் நடச் சொல்கிறது. பகலில் கரிச்சானும் ராத்திரியில் ஆந்தையும் அதில் உட்கார்ந்து புழுவையும் எலியையும் பொறுக்கட்டும் என்பதற்காக. தாங்கியை நட்ட பிஞ்சையிலேயே எலிமருந்தையும் வைத்தால், வரச்சொன்ன பறவைக்கே விஷம் வைத்ததாகும்.

4. ஓநாய் போன பிறகு

இந்தியாவில் இன்று மிஞ்சியிருக்கும் ஓநாய்கள் மூவாயிரம் சொச்சம் என்று யாதவேந்திரதேவ் ஜாலா குழுவினரின் 2022 மதிப்பீடு சொல்கிறது. எண்ணிக்கையில் புலிக்கு நிகரான அருமை. ஆனால் புலிக்குக் கிடைக்கிற கவனத்தில் ஒரு துளிகூட அதற்கு இல்லை. தமிழகத்தில் அது அபூர்வமாகத் தென்படுவது வடமேற்கே ஈரோடு, கிருஷ்ணகிரிப் பக்கத்து வறள்காடுகளில். ஓநாய்க்கு மலை வேண்டியதில்லை. வெளிமானும் முயலும் ஆடும் இருக்கிற திறந்தவெளி போதும். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்து நான்னஜ் இதே மாதிரி கரிசல் வறண்ட பூமிதான். அங்கே ஆட்டுக்கிடைகளை ஒட்டி ஓநாய் இன்னும் பிழைத்திருக்கிறது.

நாகலாபுரத்துக்கும் ஆட்டு வரலாறு உண்டு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகளோடு, பொட்டு ஆடு என்று ஊரில் சொல்கிற வேம்பூர் ஆட்டின் பிறப்பிடமே வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் வட்டாரம்தான். மேய்ச்சல் தரிசு சுருங்கச் சுருங்க அந்த இனமும் சுருங்குகிறது. ஆட்டையும் பூனைப்பருந்தையும் வாழவைத்தது ஒரே தரிசு.

வேட்டையாடி போன இடத்தில் இரை என்னவாகும் என்பதற்கு இன்றைய சாட்சி காட்டுப்பன்றி. பகலில் சீமைக் கருவேலத்துக்குள் படுத்துக்கிடந்து, ராத்திரி மக்காச்சோளத்துக்குள் இறங்கிக் கதிரைச் சாய்க்கிறது. மறைவும் தீனியும் அடுத்தடுத்தே கிடைக்கின்றன. குட்டியைத் தூக்க ஓநாய் இல்லை, நரியும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் பன்றி பெருகியது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப்பணியாளர் சுடலாம். நாகலாபுரம், புதூர் வட்டாரக் கிராமங்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் வரும். சம்சாரியின் இழப்பு உண்மையானது, ஆகவே இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் கருவேலமும் மக்காச்சோளமும் அப்படியே இருக்க, துப்பாக்கியால் மட்டும் தீராது.

இதைவிட மோசமானவை மின்சாரம் பாய்ச்சிய கம்பியும், கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காயும். பன்றிக்கென்று வைத்த அவுட்டுக்காயை நரியும் நாயும் மாடும் கடிக்கின்றன. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரியையும் குள்ளநரியையும் முதல் அட்டவணைக்கு ஏற்றியது. புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு இன்று நரிக்கும் உண்டு. மயிலும் அதே அட்டவணைதான். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை மயில் பெருகியதையும், வேட்டைப் பறவைகளும் புல்வெளிப் பறவைகளும் குறைந்ததையும் ஒரே புத்தகத்தில் பதிவு செய்கிறது. நரி போனதால்தான் மயில் பெருகியது என்று ஊரில் சொல்வார்கள். தரையில் இடுகிற முட்டையை நரி தின்னும் என்பது சரி. கூடவே வேறு காரணங்களும் உண்டு. கேரளத்தில் மயில் பரவுவதை ஆராய்ந்தவர்கள் தட்பவெப்ப மாற்றத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஓநாயின் இடத்துக்கு ஒரு விலங்கு வந்துவிட்டது: தெருநாய். கோவில்பட்டியை அடுத்த குருமலைக் காப்புக்காட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்குகிற புள்ளிமானை நாய்க்கூட்டம் துரத்திக் கடிக்கிறது. தப்பியோடுகிற மான் நாற்கரச் சாலையில் அடிபடுகிறது. நாயால் வேட்டையாட முடியும், ஆனால் ஓநாயின் வேலையை அதனால் செய்ய முடியாது. இரை குறைந்தால் வேட்டையாடியும் குறைய வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. ஊர்ச் சோறும் கோழிக்கடைக் கழிவும் தின்கிற நாய், மான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறையாது. நான்னஜில் அபி வனக் செய்த ஆய்வுகள், நாய் திரிகிற இடத்தைக் குள்ளநரி தவிர்ப்பதையும், நாய்களிடம் காட்டு விலங்குகளுக்குத் தொற்றக்கூடிய நோய்கள் மிகுந்திருப்பதையும் காட்டின.

5. வேலி எதுவரை

தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சரணாலயம் உண்டு. வல்லநாட்டில் 1987-இல் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெளிமானுக்காக அறிவித்தார்கள். வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். அது இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் வெளிமானே மிஞ்சியிருக்காது.

ஆனாலும் அது ஒரு குன்றும் அதன் அடிவாரமும். வெளிமானோ எட்டும் தூரம்வரை பார்வை படுகிற சமவெளியில், சிவிங்கிப்புலியையும் ஓநாயையும் ஓடி வென்று வடிவான உடல் கொண்டது. அந்தச் சமவெளி வேலிக்கு வெளியே, சம்சாரிகளின் பட்டா நிலமாக இருக்கிறது. 1947-இல் கொரியா சமஸ்தானத்தில் கடைசிச் சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டு, 1952-இல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்த பிறகு, 2022-இல் நமீபியாவிலிருந்து குனோவுக்கு எட்டு கொண்டுவந்தார்கள். விமானத்தில் விலங்கைக் கொண்டுவர முடிகிறது. சமவெளியைக் கொண்டுவர முடியாது.

6. செய்யக்கூடியவை

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எல்லோரும் அறிவீர்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு வாழும் அந்தக் குன்றுகள் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே கல்வெட்டும் குடைவரையும் சமணப் படுக்கையும் மலையும் இருந்தன, அவற்றின் பெயரால் மக்களைத் திரட்ட முடிந்தது. கரிசல் தரிசுக்கு அப்படிக் காட்ட ஒரு சின்னமும் இல்லை. ஆகவே ஆவணம்தான் அதற்குக் காவல். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பூனைப்பருந்து இறங்குகிற தரிசின் புல எண்ணை அந்தப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், நாளைக்கு நிலத்தைக் கேட்டு வருகிறவர் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மேய்ச்சல் புறம்போக்கை மரக்கன்று நடும் திட்டத்திலிருந்து விலக்க வேண்டும். புல்வெளியில் மரம் நடுவது பசுமைப் பணியாகாது. கிடை ஆடு மேய்கிற அளவுக்கு அதைத் திறந்தவெளியாக வைத்திருந்து, முளைக்கிற சீமைக் கருவேலத்தைக் கன்றிலேயே பிடுங்கிவிட வேண்டும். நெற்றைத் தின்ற ஆடும் விதையைப் பரப்பும் என்பதால் ஆட்டை மட்டும் நம்ப முடியாது. வேம்பூர் ஆட்டுக்கென்று ஒதுக்குகிற பணமும் புல்வெளிக்கென்று ஒதுக்குகிற பணமும் ஒரே தரிசில் சேர்ந்து செலவானால் இரண்டுக்கும் பலனுண்டு.

சம்சாரிக்குப் பணம் போய்ச்சேர வேண்டும். இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்து விவசாயி தரிசு விட்டது தர்மத்துக்கு அல்ல, மானியத்துக்கு. பயறும் கம்பும் குதிரைவாலியும் விதைக்கிறவருக்கு மக்காச்சோளத்துக்கு ஈடான வருமானம் கிடைக்கிற கொள்முதல் இருந்தால், பருந்துக்கென்று தனித் திட்டமே தேவைப்படாது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்று இத்தனை காலம் உழைத்திருக்கிறது. வயலோரப் புல்பட்டை, பறவைத் தாங்கி, விஷமில்லாத எலிக்கட்டுப்பாடு ஆகியவற்றின் வரவுசெலவை இந்த மண்ணிலேயே போட்டுக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். முதல் பூனைப்பருந்து எந்தத் தேதியில் தென்பட்டது, எந்தப் பயிர்மீது பறந்தது, மாலையில் எந்தத் திசைக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் வெவ்வேறு ஊரிலிருந்து திசையைக் குறித்தால் கோடுகள் ஓரிடத்தில் வெட்டும். தங்கிடம் அதன் பக்கத்தில் இருக்கும். கண்டுபிடித்ததும் உள்ளே நடக்காதீர்கள், தூரத்திலிருந்தே எண்ணுங்கள். கக்கல் பொறுக்குவதைப் பறவைகள் கிளம்பிப்போன பிறகு, வெயில் ஏறியதும் வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரரைத் தேடிப்போய்ச் செய்தியைச் சொல்லுங்கள். அந்தத் தரிசில் டிராக்டரை இறக்குவதைப் பங்குனி கடைசிவரை தள்ளிவைக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.